மறதித் தேர்வில் முதலிடம்

லிப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும் கட்டற்ற கல்விக் கழகத்தின் வாசலில் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது சுவரில் இருந்த பெரிய வாசகம்: ‘வரிசை என்பது ஒரு மனத்தடை.’ அதற்கு நேர் கீழே டோக்கன் கொடுக்கும் இயந்திரம் இருந்தது. மெக்கானிக் ஒரு டோக்கனைக் கிழித்துக்கொண்டு, கால் உயரம் சமமில்லாத இருக்கை ஒன்றில் போய் உட்கார்ந்தார். அங்கே எல்லா நாற்காலிகளும் ஒவ்வொரு ரகம். ஒரே மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தால் மனிதர்கள் ஒரே மாதிரி யோசிப்பார்கள் என்று கழகம் கருதியதாம். அவருக்கு வாய்த்தது சமையலறை முக்காலி. மனைவிக்கு முடிதிருத்தும் நிலையத்தில் இருந்து வந்த சுழல் நாற்காலி கிடைத்தது. அவர் கணவரோடு பேச ஒவ்வொரு முறையும் பாதி சுற்று சுற்ற வேண்டியிருந்தது.

அவர்கள் வந்த காரணம் எளியது. ஒரே மகள். பதினைந்து வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அவள் படித்த பள்ளியில் ஒரு ஏற்பாடு இருந்தது. திங்கட்கிழமை தோறும் ஒரு தேர்வு, மதியமே மதிப்பெண், அந்த மதிப்பெண்படி எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு இடம் மாற வேண்டும். முதல் பெஞ்சுக்காரிக்கு நிம்மதி இல்லை, கடைசி பெஞ்சுக்காரனுக்குக் கவலை இல்லை. நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்த பாப்பாவுக்கு வயிற்றுவலி வந்தது. ஞாயிறு சாயங்காலமே சுருண்டு படுத்துவிடுவாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார், கடைசியில் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

“வயித்துல ஒண்ணும் இல்லம்மா. திங்கக்கிழமைய எடுத்துட்டா சரியாப் போயிடும்.”

திங்கட்கிழமையை எடுக்க யாருக்கும் அதிகாரம் இல்லாததால் பள்ளியை எடுத்துவிட்டார்கள். உயர்நிலை வகுப்புப் பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எதைப் படிக்கப்போகிறாள் என்ற பாடத்திட்டத்தை அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பு ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் அது நடக்காவிட்டால் பிள்ளை பழைய பள்ளிக்கே, பழைய பெஞ்சுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்த ஊரில் அப்படிப்பட்ட அமைப்பு இது ஒன்றுதான் இருந்தது.

டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். உள்ளே பாடத்திட்ட ஆலோசகர் அம்மையார் உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஒரு கண்ணாடி, நெற்றியில் இன்னொன்று, மூன்றாவது கழுத்தில் தொங்கியது. பாப்பாவின் அம்மா பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுப்பவர். விரல் இடுக்கில் எப்போதும் வெள்ளைப் பொடி ஒட்டியிருக்கும். அந்தக் கையாலேயே எழுதிக்கொண்டு வந்த ஒரு தாளை நீட்டினார். காலையில் கணக்கு, பிறகு அறிவியல், சாப்பாட்டுக்குப் பின் மொழி, சனிக்கிழமை வரலாறு என்று முத்து முத்தாக எழுதியிருந்தார்.

ஆலோசகர் தாளைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

“பாடமா? எடுத்த எடுப்புல பாடத்துக்கே போயிட்டீங்களா?”

“பாடத்திட்டம்னு சொன்னாங்க… அதான்…” என்று மெக்கானிக் மென்று விழுங்கினார்.

“பாடம் கடைசிலதாங்க வரும். அதுவும் தேவைப்பட்டா. முதல்ல பெற்றோர் யாருன்னு தெரியணும். அப்புறம் தத்துவம், அப்புறம் அணுகுமுறை, அப்புறம் சூழல். நீங்க என்ன, சட்டை போடாம கல்யாணத்துக்கு வந்த மாதிரி வந்து நிக்கறீங்க!”

மெக்கானிக் தன்னை அறியாமல் சட்டைப் பொத்தானைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

பெற்றோர் யார் என்று கண்டுபிடிக்கும் பரிசோதனை அங்கேயே நடந்தது. மழையில் நனைந்து கிடக்கும் ஒரு புத்தகத்தைப் பார்த்தால் என்ன தோன்றும் என்று ஆலோசகர் கேட்டார்.

“காயப் போடணும்னு தோணும்” என்றார் மெக்கானிக்.

“யாரோடதுன்னு விசாரிப்பேன்” என்றார் மனைவி.

ஆலோசகர் நெற்றிக் கண்ணாடியை இறக்கி எதையோ எழுதினார். முகத்தில் கவலை தெரிந்தது. “நீங்க பாறை. இவங்க நதி. பாறையும் நதியும் ஒரே பாடப்புத்தகத்தைத் தொடவே கூடாது. கல்யாணத்துக்கு முன்னாடி எங்ககிட்ட வந்திருந்தா சொல்லியிருப்போம். சரி, ஆனது ஆச்சு. கண்காட்சியைப் பாத்துட்டு வாங்க.”

கண்காட்சி பின்பக்க அரங்கில் நடந்துகொண்டிருந்தது. ஒரு மேசையில் மரமணிகள் மட்டுமே கொண்டு கல்லூரிக் கணிதம் வரை போகும் பாடத்திட்டம். இன்னொன்றில் பௌர்ணமி அன்று மட்டும் வேதியியல். மற்றொன்றில் பிள்ளை நடந்துகொண்டே படிக்க வேண்டும். நின்றால் பாடமும் நிற்கும். அதை விற்றவர் மட்டும் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கடைசி மூலையில் வெறும் மேசை ஒன்று இருந்தது. அதற்குத்தான் கூட்டம் அலைமோதியது.

“இது என்னங்க?” என்று மெக்கானிக் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“பாடத்திட்டமே இல்லாத பாடத்திட்டம்” என்றார் விற்பனையாளர். “மூணு தொகுதி. விடைப்புத்தகம் தனியா வாங்கிக்கணும்.”

மூன்று தொகுதியையும் இப்போதே தூக்கிக்கொண்டு போய்விடலாமா என்று மெக்கானிக்குக் கை துறுதுறுத்தது. வாங்க முடியாது என்றார்கள். பிள்ளை உதிர்காலம் முடிக்காமல் எந்தப் பாடத்திட்டத்தையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. உதிர்காலம் என்றால் என்னவென்று விளக்கத்தான் அன்று மாலை தலைவர் பேசினார்.

தலைவர் நல்ல மனிதர். குரல் வெண்ணெய் மாதிரி இருக்கும். மேடையில் ஏறியதும் மைக்கை அணைக்கச் சொன்னார், மைக் ஓர் அதிகாரச் சின்னம் என்பதால். பின்வரிசைக்கு எதுவும் கேட்கவில்லை. மறுபடி மைக்கைப் போடச் சொன்னார்.

“பெற்றோர்களே! உங்க பிள்ளை மேல பள்ளிக்கூடம் தூசி மாதிரி படிஞ்சிருக்கு. அது உதிரணும். உதிர்ற வரைக்கும் பிள்ளை எதையும் கத்துக்கக் கூடாது. அவசரப்படாதீங்க. நம்ம கழகம் ஆரம்பிச்சதுல இருந்து இந்த நிமிஷம் வரைக்கும் ஒரு பாடத்திட்டத்தைக்கூட அவசரப்பட்டு அங்கீகரிச்சதில்லன்னு பெருமையோட சொல்லிக்கறேன்!”

பலத்த கைதட்டல். மெக்கானிக்கும் தட்டினார். பாதியில் கை அந்தரத்தில் நின்றது.

“அப்படின்னா பிள்ளைங்கல்லாம் என்ன ஆனாங்க சார்?” என்று எழுந்து கேட்டார்.

“பழைய பள்ளிக்கே திரும்பிப் போனாங்க. ஆனா சுதந்திரமான மனசோட போனாங்க!” என்றார் தலைவர். “என் மகனையே எடுத்துக்கங்க. அவனுக்குப் பொருத்தமான பாடத்திட்டத்தை நானும் என் மனைவியும் இன்னும் தேடிக்கிட்டுதான் இருக்கோம். அவனும் பொறுமையா வீட்ல காத்திருக்கான். முப்பத்திரண்டு வயசுதானே ஆகுது!”

மெக்கானிக் மெல்ல உட்கார்ந்தார். அருகில் இருந்த மனைவியைப் பார்த்தார். அவர் எதிரே இருந்தவரின் தலையையே வெறித்துக்கொண்டிருந்தார்.

உதிர்காலம் ஆரம்பித்தது. வீட்டில் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினார்கள். செய்தித்தாளை நிறுத்தினார்கள். அம்மா வேலை செய்யும் மேசையில் இருந்த பல் அச்சுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். பாப்பாவுக்குக் கடைவாய்ப்பல், சிங்கப்பல் எல்லாம் அத்துப்படி, பார்த்தால் சொல்லிவிடுவாள். மாதாமாதம் கழகத்தின் கண்காணிப்பாளர் வீட்டுக்கு வருவார். பிள்ளை எதையாவது கற்றுக்கொண்டால் அது ‘கற்றல் சம்பவம்’ என்று பதிவாகும். சம்பவம் கூடக் கூட உதிர்காலம் நீளும்.

ஊரில் எல்லா வீட்டிலும் பெற்றோர் பிள்ளைகளிடம் சொல்லும் வசனங்கள் அந்த வீட்டில் தலைகீழாகக் கேட்டன.

“பாப்பா, கையில என்ன?”

“சினிமா பத்திரிகைப்பா.”

“எங்க, பிரி பாக்கலாம்.”

பிரித்தால் உள்ளே வடிவியல் இருந்தது. முக்கோணங்கள் அப்பாவைப் பார்த்து முழித்தன.

“பொய் வேற சொல்ல ஆரம்பிச்சிட்டியா?” என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “போய் டிவி பாருடின்னு எத்தனை தடவை சொல்றது! பக்கத்து வீட்டுப் பையனைப் பாரு. நாள் பூரா போனும் கையுமா எவ்வளவு பொறுப்பா இருக்கான்!”

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இது காதில் விழுந்துவிட்டது. மதிலுக்கு மேல் தலையை நீட்டி, “என் பையனை உங்க வீட்டுக்கு அனுப்பட்டுமா அக்கா? அவன் பொறக்கும்போதே உதிர்ந்தவன்” என்றார்.

கண்காணிப்பாளர் ஒல்லியானவர். தோளில் ஒரு பை. வாசலில் மிதியடியில் காலை அப்படித் தேய்ப்பார், மிதியடிக்கே பாவமாக இருக்கும். குரலை உயர்த்திப் பேச மாட்டார். முதல் முறை வந்தபோது பாப்பாவின் விரலைப் பிடித்துப் பென்சில் வாசம் வருகிறதா என்று முகர்ந்து பார்த்தார். வரவில்லை. பிறகு சாதாரணமாகப் பேச்சுக் கொடுக்கிற மாதிரி கேட்டார்:

“உங்க வாசல்ல என்ன, செருப்பு நிறையக் கிடக்குது போலிருக்கே?”

“ஏழு சார். ஒண்ணுக்கு ஜோடி இல்ல” என்றாள் பாப்பா.

கண்காணிப்பாளர் வருத்தத்தோடு பையிலிருந்து பேனாவை எடுத்தார். “எண்ணிட்டாளே…”

“நாய் தூக்கிட்டுப் போயிடுச்சு சார், அந்த இன்னொரு செருப்பை!” என்று மெக்கானிக் குறுக்கே விழுந்தார். “அது பழைய கதை, அவளுக்கு முன்னாடியே தெரியும்!”

“ஏழு ஒத்தைப்படைன்னு தெரிஞ்சுதானே ஜோடி இல்லைன்னா? ரெண்டு சம்பவமாத்தான் எழுதணும். என் கையில எதுவும் இல்லீங்க” என்றார் அவர். உண்மையிலேயே அவர் முகம் வாடியிருந்தது.

இதைவிடக் கொடுமை சாப்பாட்டு நேரம். மெக்கானிக் வேலையிலிருந்து வந்து, இன்று எந்தக் கட்டடத்தில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றது, லிப்டுக்கு எதிர்ப்பக்கம் தொங்கும் எதிரெடை எப்படிச் சிக்கியது, கயிறு ஏன் வழுக்கியது என்று தட்டில் விரலால் படம் போட்டுக் காட்டுவது வழக்கம். பாப்பா சாப்பிட மறந்து கேட்பாள், கேள்வி மேல் கேள்வி கேட்பாள். இப்போது அது ‘கற்பித்தல் சம்பவம்’. கற்றலைவிடப் பெரிய குற்றம். எனவே மூவரும் வெயிலைப் பற்றிப் பேசினார்கள். வெயில் தீர்ந்ததும் பேசாமல் சாப்பிட்டார்கள். ஒரு நாள் மெக்கானிக் தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடம் வாரத்துக்கு ஒரு நாள்தான் பிள்ளையைப் படுத்தியது, நாம் ஏழு நாளும் படுத்துகிறோமே என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

உதிர்காலத்தின் முடிவில் மறதித் தேர்வு. பிள்ளை பள்ளியில் படித்ததை முழுக்க மறந்துவிட்டதா என்று சோதிக்கும் தேர்வு. இதில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் எடுத்தால் தோல்வி.

தேர்வு நடந்த அறையில் மட்டும் ஒரே மாதிரி பெஞ்சுகள் இருந்தன. எண் ஒட்டியிருந்தது. மணி அடித்தார்கள். பாப்பா பொய் எழுதிப் பழகாதவள். தெரிந்ததை எழுதிவிட்டு வந்தாள். தொண்ணூற்றொன்று.

“ரொம்ப வருத்தமான ரிசல்ட்” என்றார் ஆலோசகர், துக்க வீட்டுக் குரலில். “மனசைத் தளர விடாதீங்க. இந்த வருஷத்துக்கு இன்னும் ரெண்டு வாய்ப்பு இருக்கு.”

வெளியே பெற்றோர்கள் கூடி நின்றார்கள். ஓர் அம்மா மெல்ல அருகில் வந்து, “எங்க பையன் போன தேர்வுலயே மூணு வாங்கிட்டானுங்க” என்றார், கேட்காமலேயே.

“மூணா!” என்று பாப்பாவின் அம்மா வாயைப் பிளந்தார். “வீட்ல என்னங்க குடுக்கறீங்க?”

“எல்லாம் கோச்சிங்தான். தப்பான விடையெல்லாம் வரிசையா மனப்பாடம் பண்ண வச்சிடறாங்க. வாந்தி எடுத்து எடுத்துப் படிச்சான், பாவம். இப்ப அடுத்த படிக்குப் போயிட்டான். தத்துவம். அதுல ஆறு மாசமா இருக்கான்.”

கோச்சிங் நிலையம் கழகத்தின் கீழ்த்தளத்திலேயே இருந்தது. ஆலோசகரின் தம்பிதான் நடத்தினார். வாசலில் மறதியில் சாதித்த பிள்ளைகளின் புகைப்படங்கள் பெரிதாக வரிசையாக ஒட்டியிருந்தன. எல்லாப் பிள்ளைகளும் திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது முயற்சியில் பாப்பா கண்ணை மூடிக்கொண்டு கை போன போக்கில் எழுதினாள். இருபத்தாறு வந்தது. வெறுமனே விடவும் முடியாது. விடை எழுதாமல் விட்டால் பிடிவாதம் என்று விதி சொல்கிறது. பிடிவாதம் நினைவின் அறிகுறி. கல்வியாண்டு தொடங்க அதிக நாள் இல்லை. பள்ளியிலிருந்து ஒரு செய்தி வேறு வந்திருந்தது, அவளுக்கு நடு பெஞ்சில் இடம் தயாராக இருப்பதாக. அதைப் படித்த அன்று பாப்பா சாப்பிடவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை பாப்பா எழுந்து வந்து கூடத்தில் நின்றாள்.

“அப்பா, நாலு விடை குடுக்கறாங்க. ஒண்ணு சரி. தெரியாம எழுதினா எப்படியும் கால்வாசி சரியாப் போயிடுது. அதான் இருபத்தாறு.”

“சரி?”

“ஒண்ணுகூடச் சரியா இருக்கக் கூடாதுன்னா, எது சரின்னு எனக்கு நல்லாத் தெரியணும். எல்லாக் கேள்விக்கும்.”

மெக்கானிக் பேந்தப் பேந்த விழித்தார். அம்மாவுக்குத்தான் முதலில் பொறி தட்டியது. கையிலிருந்த பொடியைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“அப்ப மறக்கறதுக்குப் படிக்கணுமா?”

“ஆமாம்மா. ரெண்டாவது தடவைல இருந்து ஒன்பதாவது மட்டுமில்ல, பத்தாவதுல இருந்தும் கேக்கறாங்க. அடுத்த வருஷப் பாடம் எதாவது தெரியாத்தனமா மண்டைக்குள்ள போயிருக்கான்னு பாக்கறாங்களாம். ரெண்டு வருஷத்துதும் முழுசாப் படிக்கணும்.”

“உதிர்காலத்துல படிச்சா சம்பவம் ஆயிடுமே!”

“நான் படிக்கலையே. மறதித் தேர்வுக்குத் தயாராகறேன்.”

கழகத்தில் போய்க் கேட்டார்கள். ஆலோசகர் மூன்று கண்ணாடி வழியாகவும் விதிகளைப் பார்த்துவிட்டு, தயாரிப்பு தாராளமாகச் செய்யலாம் என்றார். “எவ்வளவுக்கு எவ்வளவு கடுமையா தயாராகறாங்களோ அவ்வளவு நல்லா மறக்கும். ஒரே ஒரு யோசனை. ஒண்ணு ரெண்டு கூட இல்லாம சைபரே எடுத்துட்டா, தத்துவம், அணுகுமுறை எதுவும் வேண்டாம், நேரடி அங்கீகாரம்னு நம்ம விதியிலயே இருக்கு. இதுவரைக்கும் யாரும் எடுத்ததில்ல. சும்மா தகவலுக்குச் சொன்னேன்.”

அன்று சாயங்காலம் அந்த வீட்டில் அலமாரி திறந்தது. பல் அச்சுகள் வெளியே வந்தன, காலண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டது, பாடப்புத்தகங்கள் சாப்பாட்டு மேசையை ஆக்கிரமித்தன. ஒவ்வொரு கேள்விக்கும் சரியான விடை எது, அது ஏன் சரி, மற்ற மூன்றும் ஏன் தப்பு, அதில் மிகவும் தப்பு எது என்று மூவரும் சண்டை போட்டார்கள். மெக்கானிக் லிப்டையும் எதிரெடையையும் தட்டில் வரைந்தார். விசைப் பாடம் முழுக்க அதிலேயே முடிந்தது. பற்களின் மேல்வரிசையும் கீழ்வரிசையும் எந்தக் கோணத்தில் கடிக்கும் என்று அம்மா காட்டியதில் வடிவியல் பாதி வந்துவிட்டது. பழைய மறதித் தேர்வுத் தாள் ஒன்றில் பாப்பா பேனாவை நிறுத்தினாள்.

“அம்மா, இங்க பாரேன். இந்தக் கேள்வியில ரெண்டு விடை சரி. கழகத்துக்கே தெரியல. இது மாதிரி வந்தா ரெண்டையும் தள்ளிட்டு எழுதணும்.”

“தள்ளு, தள்ளு” என்றார் அம்மா பெருமையோடு.

கண்காணிப்பாளர் அந்த மாதம் வந்தபோது மேசை முழுக்கப் புத்தகங்கள். பாப்பாவின் விரலெல்லாம் மை. அவர் விரலை முகரவே இல்லை. தயாரிப்பு நடப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பேனாவை வெளியே எடுத்தார், திரும்ப உள்ளே வைத்தார். ஒரு புத்தகத்தின் பக்கங்களை மெல்லப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லா மறக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாவது தேர்வன்று மெக்கானிக் கழக வாசலில் முக்காலியில் உட்கார்ந்து கையைப் பிசைந்துகொண்டிருந்தார். ‘ஒண்ணே ஒண்ணுகூடச் சரியாயிடக் கூடாது’ என்று அவர் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பாப்பா வெளியே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

“எப்படிடா எழுதின?”

“எல்லாம் தப்புப்பா. கடைசி கேள்வியில மட்டும் கொஞ்ச நேரம் யோசிச்சேன். அப்புறம் தப்பு எதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்.”

பூஜ்யம். கழகத்தின் வரலாற்றில் முதல் பூஜ்யம். விடைத்தாளை நான்கு பேர் திருத்திப் பார்த்தார்கள், ஒரு மதிப்பெண்ணாவது கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. தலைவருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உடனே பாராட்டு விழா ஏற்பாடு செய்தார். பாப்பாவை மேடைக்கு அழைத்துக் கேடயம் கொடுத்தார்கள். தலைவர் மைக்கை அணைத்தார், போட்டார், பேசினார்:

“எத்தனையோ பெரிய மனுஷங்களோட நான் பழகியிருக்கேன். குழுவுல இருந்திருக்கேன், குழுவுக்குத் தலைமை தாங்கியிருக்கேன். ஆனா இவ்வளவு சுத்தமா, இவ்வளவு முழுசா ஒண்ணுமே தெரியாத ஒரு மனசை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல! நானும் முப்பது வருஷமா முயற்சி பண்றேன். ஓரளவுக்குத்தான் முடிஞ்சிருக்கு. சொல்லும்மா, உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாது சார்” என்றாள் பாப்பா, கேடயத்தை இறுகப் பிடித்துக்கொண்டு.

அரங்கம் எழுந்து நின்று தட்டியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று வாங்கிய பையனின் அம்மா பொறாமையில் வெந்தார்.

விழா முடிந்ததும் ஆலோசகர் அங்கீகாரக் கடிதத்தை நீட்டினார். விதிப்படி, எதுவுமே தெரியாத பிள்ளைக்கு எதுவுமே தெரியாத பிள்ளைக்கான பாடத்திட்டம். ஒன்றாம் வகுப்பு. அ, ஆ, இ, ஈ, ஒன்று முதல் இருபது வரை, வண்ணம் தீட்டுதல்.

“பதினஞ்சு வயசுப் பொண்ணுக்கு ஒண்ணாம் கிளாஸா?” என்று மெக்கானிக் எகிறினார். “என்ன மேடம் இது, அநியாயமா…”

மனைவி அவர் கையை நறுக்கென்று கிள்ளினார். “ரொம்ப நல்ல பாடத்திட்டம்ங்க. நிதானமா ஆரம்பிச்சுக்கறோம்” என்று கடிதத்தை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்தும் மெக்கானிக்குக் கோபம் அடங்கவில்லை. மனைவி பொறுமையாக விளக்கினார். பாடத்திட்டம் அங்கீகரிக்கப்பட்டாயிற்று. இனிப் பள்ளிக்கூடம் அவளைக் கூப்பிட முடியாது. அடுத்த வருடம் பொதுத்தேர்வைத் தனித்தேர்வராக எழுத வயதும் இந்தக் கடிதமும் போதும். எந்த வகுப்புப் பாடத்திட்டம் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. போய் விசாரித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

“அப்ப வீட்ல எதைப் படிப்பா?”

“அவ இஷ்டம்” என்றார் மனைவி. இத்தனை மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

கல்வியாண்டு தொடங்கியது. திங்கட்கிழமைகள் வந்தன, போயின. பாப்பா அவற்றைக் கவனிக்கவே இல்லை. ஒரு பிற்பகல் கண்காணிப்பாளர் முன்னேற்றம் பார்க்க வந்தார். அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் இயற்பியலும் வேதியியலும் மேசை விரிப்புக்கு அடியில் போயின. மேலே சிலேட்டு வந்தது. பாப்பா நாக்கை லேசாக நீட்டிக்கொண்டு, பல்பத்தை அழுத்திப் பிடித்து ஓர் ‘அ’ போட்டாள். வளைவு கொஞ்சம் கோணலாக வரும்படி பார்த்துக்கொண்டாள்.

கண்காணிப்பாளர் சிலேட்டைப் பார்த்தார். விரிப்பில் புடைத்திருந்த இடத்தையும் பார்த்தார். அம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவர் குடித்தார். பையைத் திறக்கவில்லை. பேனாவை எடுக்கவில்லை.

“எனக்கும் ஒரு பொண்ணு இருக்குதுங்க” என்றார். “இவ வயசுதான். கழகத்துல வேலை பாக்கறவங்க பிள்ளைங்களுக்குக் கெடு கிடையாது, ரெண்டு வருஷமா உதிர்ந்துக்கிட்டே இருக்கா.”

பாப்பா பல்பத்தைக் கீழே வைத்தாள்.

“வீட்ல ஒரு புத்தகம் இல்ல. நான் கண்காணிப்பாளர்ங்கறதால எங்க வீட்டுக்குக் கண்காணிப்பு ஜாஸ்தி. நாலு தடவை எழுதிட்டா. இருபத்தஞ்சு, இருபத்தேழு, அதுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. நாள் பூரா ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பா. முன்னாடியெல்லாம் எதையாவது கேட்டுக்கிட்டே இருப்பா. இப்ப ஒண்ணும் கேக்கறதில்ல.” அவர் பாப்பாவின் பக்கம் திரும்பினார். “நீ எப்படிம்மா சைபர் எடுத்த?”

பாப்பா அப்பாவைப் பார்த்தாள். அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஒரு நாற்காலியை இழுத்து, மேசையின் காலியான பக்கத்தில் போட்டார்.

பாப்பா சிலேட்டை ஓரமாக வைத்துவிட்டு விரிப்பை நீக்கினாள். அடியிலிருந்த புத்தகங்களில் கனமானதை இரண்டு கையாலும் தூக்கி, அந்த நாற்காலிக்கு நேராக வைத்தாள்.

“நாளைக்கே வரச் சொல்லுங்க சார். ஆனா முன்னாடியே சொல்லிடுங்க, சைபர் சும்மா வராது. எல்லாத்தையும் படிக்கணும்.”